அரட்டைக்கு நாம ரெடி... நம்ம குரூப் ரெடியா?

'கிளாஸ்ல அரட்டை அடிக்காதே!' பள்ளிக்கூடத்தில் இந்தத் திட்டை வாங்காதவர்கள் தமிழ்நாட்டில் ரொம்பக் குறைவு. வேலை வெட்டி இல்லாமல் பேசுவதற்கு நாம் வைத்த பெயர்தான் அரட்டை. விசு நடத்திய 'அரட்டை அரங்கம்' வந்த காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை மரியாதை கிடைத்தது. 2025 செப்டம்பர் கடைசியில், டெல்லி செய்தி சேனல்காரர்கள்கூட அதை உச்சரிக்கப் பழகிக்கொண்டார்கள். காரணம், ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' ஆப்.

தென்சென்னைப் புறநகர்க்காரர்களுக்கு இது பக்கத்து ஊர் சரக்கு. தாம்பரத்தில் செங்கல்பட்டு எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டி கூடுவாஞ்சேரி. அதை ஒட்டி, ஜி.எஸ்.டி. சாலையில் வல்லாஞ்சேரி எஸ்டான்சியா வளாகத்தில்தான் ஜோஹோவின் தலைமையகம் இருக்கிறது. உலகத்தையே பேசவைக்கும் ஆப்கள் கலிஃபோர்னியாவிலிருந்துதான் வரும் என்று பழகிப்போன நமக்கு, கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்திலிருந்து ஒன்று வந்திருப்பது சந்தோஷமான செய்திதான்.

ஆனால், ஆப் நன்றாக இருக்கிறதா என்பது பாதிக் கேள்வி. நம் வீட்டு குரூப், தெரு குரூப், ஸ்கூல் வேன் குரூப் எல்லாம் அங்கே வருமா என்பது மீதிக் கேள்வி. இந்த வார அலசல் இரண்டையும் பற்றியது.

மூன்றே நாளில் நூறு மடங்கு

பலரும் நினைப்பதுபோல அரட்டை புது ஆப் இல்லை. 2021 ஜனவரியிலேயே வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. வாட்ஸ்அப் தன் பிரைவசி விதிகளை மாற்றப்போவதாக அறிவித்து, ஊரே கோபத்தில் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் ஓடிய அதே மாதம். அந்த ஓட்டத்தில் அரட்டையை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. நான்கரை வருடம் சத்தமில்லாமல் ஒரு மூலையில் இருந்தது.

2025-ல் காற்று மாறியது. அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 சதவிகித வரி விதித்தது. 'சுதேசி' என்ற சொல் மறுபடியும் மேடைகளுக்கு வந்தது. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், தன் அலுவலக வேலைகளுக்கு ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்தார். கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் அரட்டையைப் பரிந்துரைத்தார். அவ்வளவுதான்! ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில், மூன்றே நாளில் ஒரு நாளைக்கு மூன்றரை லட்சம் பேர் சேர ஆரம்பித்துவிட்டதாக ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பதிவிட்டார். நவம்பரில் பெரிய வெளியீடு செய்யலாம் என்று திட்டமிட்டிருந்தார்களாம். அதற்குள் கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது.

கல்யாண மண்டபத்தில் 300 பேருக்குச் சமைத்துவைத்த இடத்தில் 30,000 பேர் பந்திக்கு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? ஓ.டி.பி. வரத் தாமதம், கான்டாக்ட் லிஸ்ட் ஏறவில்லை, கால் கட் ஆகிறது என்று முதல் நாள்களில் புகார்கள். 'கொஞ்சம் பொறுங்கள், சர்வர்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறோம்' என்று நிறுவனமே கேட்டுக்கொண்டது. ஆப் ஸ்டோரில் சோஷியல் நெட்வொர்க்கிங் பிரிவில் முதலிடம் பிடித்ததும் அந்த நாள்களில்தான்.

உள்ளே போனால் என்ன இருக்கிறது?

போன் நம்பர், ஓ.டி.பி., பெயர். அவ்வளவுதான் பதிவு. வாட்ஸ்அப் தெரிந்த யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மெசேஜ், வாய்ஸ் நோட், ஆடியோ கால், வீடியோ கால், குரூப், சேனல், ஸ்டோரி என எல்லாம் பழகிய இடத்தில் பழகிய மாதிரியே இருக்கின்றன.

வித்தியாசமாகப் படுவது சில விஷயங்கள். ஒன்று, 'பாக்கெட்'. நமக்கு நாமே போட்டுவைக்கும் சட்டைப் பை இது. கேஸ் பில் போட்டோ, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, பிறகு படிக்கலாம் என்று எடுத்துவைத்த லிங்க் எல்லாவற்றையும் அதில் போட்டுவைக்கலாம். வாட்ஸ்அப்பில் தன் நம்பருக்குத் தானே மெசேஜ் அனுப்பிக்கொள்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இரண்டாவது, 'மீட்டிங்'. தனி ஆப் தேடாமல், உள்ளேயே கூட்டத்தை ஆரம்பிக்கலாம், நேரம் குறித்து வைக்கலாம். அலுவலக மென்பொருள்களில் ஊறிய நிறுவனம் என்பதால் இந்த இடத்தில் கை தேர்ந்திருக்கிறது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு மாதாந்திரப் பேச்சுக்கும் உதவும்.

மூன்றாவது, ஆண்ட்ராய்டு டி.வி-யிலும் அரட்டை ஓடுகிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் பேரனை ஆறு அங்குலத் திரையில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் தாத்தா பாட்டிகளுக்கு இது நல்ல சேதி. அந்தப் பேரனும் அரட்டையில் இருந்தால்!

நான்காவது, விலை குறைந்த போனிலும் மந்தமான நெட்டிலும் ஓடும்படி செய்திருப்பதாக ஜோஹோ சொல்கிறது. மேம்பாலத்துக்குக் கீழேயும் அடுக்குமாடிகளின் லிஃப்ட் பக்கத்திலும் சிக்னல் தேடி அலையும் புறநகரில் இது சின்ன விஷயம் இல்லை.

பழைய வாட்ஸ்அப் பேச்சுகளையும் கொண்டுவரலாம். வாட்ஸ்அப்பில் அந்த சாட்டைத் திறந்து 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து, அரட்டையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால், ஒவ்வொரு சாட்டாகத்தான் செய்ய வேண்டும். வீடு மாற்றும்போது பாத்திரம் பண்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்குவதுபோல.

பூட்டு எங்கே?

முதல் வாரத்தில் ஆரவாரத்தோடு கூடவே ஒரு கேள்வியும் வந்தது. 'எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன் இருக்கா?'

பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. ஒரு பெட்டியில் கடிதத்தை வைத்துப் பூட்டி அனுப்புகிறீர்கள். சாவி உங்களிடமும், வாங்குபவரிடமும் மட்டும்தான். நடுவில் தூக்கிச் செல்லும் தபால்காரர் நினைத்தாலும் படிக்க முடியாது. இங்கே தபால்காரர் என்பது ஆப் நடத்தும் நிறுவனம். வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இந்தப் பூட்டை எல்லோருக்கும் போட்டுவிட்டது. அரட்டையில் கூட்டம் கூடிய நேரத்தில் ஆடியோ, வீடியோ கால்களுக்கு மட்டும்தான் இந்தப் பூட்டு இருந்தது. எழுதி அனுப்பும் மெசேஜுக்கு இல்லை.

விமர்சனம் நியாயமானது. நிறுவனமும் அதைத் தள்ளிவிடாமல், வேலை நடக்கிறது என்றது. 2025 நவம்பரில் வந்த அப்டேட்டில், இருவர் மட்டும் பேசும் தனி சாட்டுக்கு இந்தப் பூட்டு வர ஆரம்பித்தது. முதல் கட்டம் தனி சாட்டுக்குத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நீங்களும் எதிரில் இருப்பவரும் ஆப்பை அப்டேட் செய்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம். அம்மாவின் போனில் பழைய வெர்ஷன் இருந்தால், மகன் மட்டும் அப்டேட் செய்து பயனில்லை.

ஆக, குரூப்பில் ஆதார் அட்டை, பான் கார்டு, பேங்க் பாஸ்புக் படங்களைப் போடாதீர்கள். இந்த அறிவுரை அரட்டைக்கு மட்டுமல்ல, எந்த ஆப்புக்கும்தான். பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், 200 பேர் இருக்கும் குரூப்பில் 200 பேரிடமும் சாவி இருக்கிறது.

வாட்ஸ்அப் மட்டும் புனிதமா என்றால், அதுவும் இல்லை. மெசேஜைப் படிக்க முடியாவிட்டாலும், யார் யாரோடு எப்போது பேசுகிறார்கள் என்பது போன்ற தகவலுக்கே சந்தையில் மதிப்பு உண்டு. 2021 பிரைவசி விதி விவகாரத்தில்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜூனில், 'அப்டேட்ஸ்' பக்கத்தில் விளம்பரம் வரும் என்று வாட்ஸ்அப் அறிவித்தது. விளம்பரத்துக்காகப் பயனாளர் தகவலை விற்க மாட்டோம் என்பது ஜோஹோ தரும் வாக்கு. இந்தியப் பயனாளர்களின் தகவல் மும்பை, டெல்லி, சென்னையில் உள்ள டேட்டா சென்டர்களில் இருக்கிறது என்று வேம்பு விளக்கம் கொடுத்திருக்கிறார். வாக்கைக் காப்பாற்றுகிறார்களா என்பதைக் காலம்தான் சொல்லும். ஆனால், கேள்வி கேட்கும் தூரத்தில் அவர்கள் இருக்கிறார்கள் என்பது ஒரு வசதி.

குரூப் ஏன் நகர மறுக்கிறது?

இப்போது மீதிக் கேள்விக்கு வருவோம். அக்டோபர் முதல் வாரத்தில் ஆப் ஸ்டோரில் உச்சியில் இருந்த அரட்டை, நவம்பருக்குள் முதல் நூறு இடங்களிலிருந்தே இறங்கிவிட்டது. பதிவு செய்தவர்களில் பலர் ஒருமுறை எட்டிப்பார்த்து, நாலு பேருக்கு 'ஹாய்' சொல்லிவிட்டு, பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள். ஆப் மோசம் என்றா? இல்லை. அங்கே பேச ஆள் இல்லை என்று.

தாம்பரம் வட்டாரத்தில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் போனை எடுத்துக்கொள்வோம். 'இன்னைக்கு பாலாறு தண்ணி வந்துச்சா?' என்று கேட்கும் தெரு குரூப். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை செய்யும் மகளின் ஷிஃப்ட் வேன் குரூப். பொத்தேரியில் படிக்கும் மகனின் கிளாஸ் குரூப். சேலையூர் டியூஷன் டீச்சர் குரூப். அப்பாவின் வாக்கிங் நண்பர்கள் குரூப். பெரியப்பா தினமும் காலை ஐந்தரைக்கு 'குட் மார்னிங்' பூ படம் போடும் சொந்தக்காரர்கள் குரூப். தண்ணீர் கேன் போடுபவர், இஸ்திரிக்காரர், மெடிக்கல் ஷாப் எல்லாருமே அதே ஆப்பில்தான் ஆர்டர் வாங்குகிறார்கள்.

மகன் தனியாக அரட்டைக்கு மாறிவிடலாம். ஆனால், வேன் டிரைவர் 'நாளைக்கு பத்து நிமிஷம் முன்னாடியே வந்துடுங்க' என்று சொல்வது பழைய இடத்தில்தான். பெரியப்பாவும் நகர மாட்டார். டிரைவர் நகர்ந்தால் பயணிகள் நகர வேண்டும், பயணிகள் நகர்ந்தால் அவர்களுடைய அடுத்த குரூப் நகர வேண்டும். எல்லோரும் 'நீங்க முதல்ல போங்க, நான் பின்னாடி வர்றேன்' என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்கிறார்கள். இந்தியாவில் வாட்ஸ்அப்புக்கு 50 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஆப்பில் நாம் தனித்தனியாகச் சேர்கிறோம். பேச்சுக்கு மட்டும் கூட்டமாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

முன்னால் போனவர்கள் சொல்லும் பாடம்

நம் ஊர் முயற்சிகள் இதற்கு முன்பும் வந்திருக்கின்றன. 2012-ல் வந்த ஹைக் மெசஞ்சர், ஸ்டிக்கர்களால் கல்லூரி மாணவர்களைக் கவர்ந்தது. 2021 ஜனவரியில் கடையை மூடியது. ட்விட்டருக்கு மாற்றாக 2020-ல் வந்த 'கூ', அமைச்சர்களின் வரவேற்போடு வளர்ந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பேசலாம் என்பது அதன் பெருமை. 2024 ஜூலையில் அதுவும் மூடப்பட்டது. இந்தியர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய ஆர்குட், கூகுள் என்ற பெரிய வீட்டுப் பிள்ளையாக இருந்தும் 2014-ல் விடைபெற்றது.

தேசப்பற்று ஒரு ஆப்பைத் தரவிறக்க வைக்கும். தினமும் திறக்க வைக்க வேறு காரணம் வேண்டும். கைக்காசு தீர்ந்தால் கடை நிற்காது என்பது இன்னொரு பாடம். இந்த இரண்டாவது விஷயத்தில் ஜோஹோ கொஞ்சம் வலுவாக இருக்கிறது. வெளி முதலீட்டாளர்களின் பணத்தை நம்பாமல், அலுவலக மென்பொருள் விற்று வளர்ந்த நிறுவனம் அது. நான்கு வருடம் யாரும் கவனிக்காதபோதும் அரட்டையை மூடாமல் வைத்திருந்ததே அதற்குச் சாட்சி.

மழை சொல்லிக்கொடுத்தது

மெசேஜ் ஆப் என்பது புறநகரில் வெறும் அரட்டைக்கு மட்டுமல்ல. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டி மீட்டர் மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. 'யார் வீட்டு மாடியில் இடம் இருக்கு, எங்கே படகு வருது' என்ற சேதிகள் சமூக வலைதளங்களில் பறந்தன. ஃபேஸ்புக், சென்னைக்காரர்கள் 'பத்திரமாக இருக்கிறேன்' என்று தெரிவிக்கத் தனி வசதியே திறந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே முடிச்சூர் பக்கம் மறுபடியும் தண்ணீர்.

இரண்டு வெள்ளமும் ஒரு விஷயத்தைக் காட்டின. கரன்ட் போய், டவர் செயலிழந்தால் எந்த ஆப்பும் பேசாது. நெட் இருக்கும் நேரத்திலோ, தெருவுக்கு ஒரே குரூப், அதில் எல்லோரும் இருப்பதுதான் உயிர் காக்கும். பாதிப் பேர் இங்கே, மீதிப் பேர் அங்கே என்று தெரு பிரிந்து நின்றால், 'தண்ணி ஏறுது, கீழ் வீட்டுக்காரங்க வெளியே வாங்க' என்ற மெசேஜ் போய்ச் சேர வேண்டியவருக்குப் போய்ச் சேராது. அதனால், அவசரகால குரூப்பை ஆர்வக் கோளாறில் பாதியாக உடைத்துவிடக் கூடாது. நகர்ந்தால் ஒட்டுமொத்தமாக நகர வேண்டும், அதுவும் மழைக்காலம் முடிந்த பிறகு. இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிட வேண்டும்.

யு.பி.ஐ. மாதிரி ஆனால்?

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி இருக்கிறது, அதை வேம்புவே சொல்கிறார். உங்களிடம் கூகுள் பே, காய்கறிக்காரரிடம் போன்பே. பணம் போகிறதா இல்லையா? ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு மெயில் போகிறதா இல்லையா? ஏர்டெல்லிலிருந்து ஜியோவுக்கு கால் போகிறது. மெசேஜ் மட்டும் ஏன் ஒரே ஆப்புக்குள் அடைந்து கிடக்க வேண்டும்? யு.பி.ஐ. போல மெசேஜ் ஆப்களும் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும், அதற்கான பொது விதிகளை உருவாக்க 'ஐஸ்பிரிட்' அமைப்போடு பேசிவருகிறோம் என்று அவர் கூறியிருக்கிறார்.

இது கனவு மட்டுமல்ல. ஐரோப்பிய யூனியனில் சட்டமே வந்துவிட்டது. அதன்படி அங்கே வாட்ஸ்அப், வேறு ஆப்களில் இருப்பவர்களோடு பேச வழி திறந்தாக வேண்டும். 2025 நவம்பரில் பேர்டிசாட், ஹைக்கெட் என்ற இரண்டு சின்ன ஆப்களோடு அந்தக் கதவு திறக்க ஆரம்பித்தது. அப்படி ஒன்று இங்கேயும் வந்தால், பெரியப்பா வாட்ஸ்அப்பிலேயே இருக்கலாம், பேரன் அரட்டையில் இருக்கலாம், குட் மார்னிங் பூ மட்டும் தவறாமல் வந்து சேரும்.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

* ஆப்பை பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். தயாரிப்பாளர் பெயர் ஜோஹோ என்று இருக்கிறதா பாருங்கள். 'அரட்டை அப்டேட்' என்று யாராவது லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள்.

* ஓ.டி.பி-யை யாரிடமும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் க்ரைம் உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

* சின்ன குரூப்பிலிருந்து ஆரம்பியுங்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள் என நாலு பேர் போதும். ஒரே ஒரு காரியத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால், வீட்டுக் கணக்கு, இப்படி ஏதாவது ஒன்று. ஒரு மாதம் ஓடினால் அடுத்த குரூப்பைப் பற்றி யோசிக்கலாம்.

* வீட்டில் எல்லோர் போனிலும் ஒரே நாளில் அப்டேட் செய்யுங்கள். பெரியவர்களின் போனில் அதை யாராவது உட்கார்ந்து செய்து தர வேண்டும்.

* வாட்ஸ்அப்பை அழித்துவிட வேண்டாம். இரண்டும் ஒரே போனில் இருப்பதில் தவறில்லை.

* முக்கியமான பத்து நம்பர்களை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேலே ஒட்டுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987-ம் அதில் இருக்கட்டும். சார்ஜ் தீர்ந்த போனில் எந்த ஆப்பும் ஒன்றுதான்.

முதல் பார்வையில் அரட்டை, பாஸ் மார்க் வாங்கிவிட்டது. பார்க்க எளிமை, பயன்படுத்தச் சுலபம், தனி சாட்டுக்குப் பூட்டும் வந்துவிட்டது. குரூப்புக்கும் அது உறுதியாகக் கிடைக்கும்வரை கொஞ்சம் மார்க்கைப் பிடித்துவைப்பதே நியாயம். மீதி மார்க் ஜோஹோவின் கையில் இல்லை. உங்கள் வீட்டில் முதலில் யார் சேருகிறார்கள், அவர் யாரைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறார் என்பதில் இருக்கிறது.

உங்கள் வீட்டு குரூப்பில் முதலில் நகரப்போவது யார்? இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பாருங்கள். போனைக் கீழே வைத்துவிட்டு அரட்டை அடிக்க அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது!